சவலைப் பிள்ளையைக் கண்டறியும் விதம்

நெற்பயிரின் அடியிலைகள் மஞ்சளித்தால் நிலத்தில் தழைச்சத்துக் குறைந்துவிட்டது என்பதைக் குடியானவன் வரப்பில் நின்றபடியே சொல்லிவிடுவான். பால் போதாத கன்று வயிறு பருத்து, மயிர் பொலிவிழந்து சவலையாவதும் அவன் அறியாததன்று. ஆயினும் அவன் வீட்டுத் திண்ணையிலேயே ஒரு குழந்தை அதே நிலையில் உட்கார்ந்திருக்கையில், முகமும் காலும் உப்பியிருப்பதைக் கண்டு, பிள்ளை நன்றாகப் பூரித்திருக்கிறது என்று மகிழ்ந்துவிடுவதுண்டு. சதை வேறு, நீர் வேறு என்று பகுத்தறியாத இத்தவற்றினால், தக்க சமயத்தில் வைத்தியம் பெற்றிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய சிசுக்கள் மாண்டுபோகின்றன.

முதற் குழந்தை பால் மறக்கு முன்னரே தாய் மறுபடி கருவுற்றால், மூத்தது பாலின்றி மெலிந்து நோயுறுவதையே தமிழ்நாட்டுப் பெண்டிர் 'சவலை' என்றனர். கோல்டு கோஸ்ட் என்று முன்னர் வழங்கிய கானா தேசத்தில் பணியாற்றிய டாக்டர் சிஸிலி வில்லியம்ஸ் என்னும் அம்மையார், மக்காச்சோளக் கஞ்சியையே உண்டு வளர்ந்த குழந்தைகளுக்கு வந்த வீக்க நோயை ஆராய்ந்து 1933-ல் எழுதினார். 1935-ல் அதற்குக் 'குவாஷியோர்க்கர்' என்று அந்நாட்டுக் கா பாஷைப் பெயரையே வழங்கினார். இளைய குழந்தை பிறக்கையில் மூத்ததற்கு வரும் நோய் என்பது அதன் பொருள். கடல்களுக்கு அப்பாலுள்ள தாய்மாரும் இந்நாட்டுத் தாய்மாரும் ஒரே காரணத்தைக் கண்டிருந்தது கவனிக்கத்தக்கது.

புரதம் என்னும் சத்தில் ஏறக்குறைய நூற்றுக்குப் 16 பங்கு தழைச்சத்தே. அரிசிக் கஞ்சித் தெளிவிலும், ஜவ்வரிசிக் கஞ்சியிலும், மரவள்ளிக் கிழங்கிலும் இது மிகச் சொற்பம். எனினும் புரதக் குறைவு ஒன்றே காரணமென்று கொள்ளலாகாது. ஆகாரத்தின் மொத்த அளவு குறைவதும், பேதி, தட்டம்மை முதலிய நோய்கள் அடுத்தடுத்து வருவதும் உடன்சேர்ந்தே குழந்தையை வீழ்த்துகின்றன.

நோய் இருவகையாய்த் தோன்றும். வற்றி உலரும் வகையை எவரும் எளிதில் அறிவர். முகம் கிழவனுடையது போலச் சுருங்கும்; விலா எலும்புகளை எண்ணலாம்; பிருஷ்டத்தின் தோல் மடிப்பு மடிப்பாய்த் தொங்கும். இதைத் தேரை என்றும் பட்சி தோஷம் என்றும் கூறி மந்திரிப்போர் பலர். அது அவரவர் நம்பிக்கை. அதன் பொருட்டு வைத்தியசாலைக்குச் செல்வதை ஒரு நாளேனும் ஒத்திப்போடலாகாது.

வீங்கும் வகையே ஏமாற்றுவது. குழந்தையின் இரு பாதங்களின் மேற்புறத்திலும் கட்டைவிரலால் மெல்ல மூன்று விநாடி அழுத்தி எடுக்க வேண்டும். ஈரக் களிமண்ணில் விரல் பதிந்தாற்போல் இரண்டிலும் குழி நின்றால் அது நீர் வீக்கம். ஒரு காலில் மட்டும் வீக்கமிருப்பின் முள்ளோ புண்ணோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலைமயிர் செம்பட்டை நிறமாகி, இழுத்தால் வலியின்றிக் கையோடு வரும். தோல் ஆங்காங்கே கறுத்து, பழஞ்சுவரில் சுண்ணாம்பு பெயர்வது போல் உரியும். குழந்தை விளையாடாது, ஓயாமல் சிணுங்கும், உணவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சோறு ஊட்டும் தாய்மார் இதைப் பிடிவாதம் என்று எண்ணி அடிப்பதுமுண்டு. தேகத்தில் தேங்கிய நீரும் எடையில் சேருவதால், இவ்வகையில் தராசை மாத்திரம் நம்புதல் கூடாது.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் புஜத்தை அளப்பது சுலபமான சோதனை. இடக்கையைத் தளரத் தொங்கவிட்டு, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், இறுக்காமல் நாடாவைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அங்கன்வாடிகளில் இதற்கான நாடா உண்டு. சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அபாயம், 11.5-க்கு மேல் 12.5-க்குள் இருப்பின் நோய் நெருங்குகிறது எனக் கொள்க. ஆறு மாதத்திற்குட்பட்ட சிசு பால் குடிக்கச் சோர்ந்தாலும், எடை ஏறாவிட்டாலும் அதுவே எச்சரிக்கை. பிறந்த எடை சுமார் ஐந்து மாதத்தில் இரட்டிப்பதும், ஓராண்டில் மும்மடங்காவதும் இயல்பு.

பாதங்களில் குழி விழுந்தாலும், புஜத்தின் அளவு 11.5-க்குக் கீழிருந்தாலும், அன்றைக்கே அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். குழந்தை உண்ண மறுத்தாலும், உடல் சில்லிட்டாலும் தாமதிக்கலாகாது. செல்லும் வழியில் துணியால் போர்த்தி, தாய்ப்பாலை நிறுத்தாது கொடுத்துவர வேண்டும். பரிவினால் முட்டையும் இறைச்சியும் திணிப்பது பெருந்தீங்கு. வாடிய நாற்றுக்கு உரத்தை ஒரேயடியாக இட்டால் கருகுமன்றோ? அதனாலேயே மருத்துவமனையில் முதலில் சிறிது சிறிதாக, இரவும் பகலும் பலமுறை, இலகுவான பாலாகாரம் கொடுக்கின்றனர்.

நோய் வராமற் காக்க, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்து, பின்பு இரண்டு வயது வரை அதனுடன் கெட்டியான ஆகாரமும் தருதல் வேண்டும். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் வகுத்த மாவு எளிது: கோதுமை 40 பங்கு, கடலைப்பருப்பு 16, மணிலாப் பயறு 10 ஆகியவற்றைத் தனித்தனியே வறுத்துப் பொடித்து, வெல்லம் 20 பங்கு சேர்ப்பது.

இங்கு மிராசுதாரர்களுக்கு ஒரு வார்த்தை. திரண்ட மணிலாப் பயறு மண்டிக்குப் போக, சுருங்கியதும் பூஞ்சணம் பூத்ததும் வீட்டுக்கும் ஆட்களுக்கும் மிஞ்சுவது வழக்கமாயிருக்கிறது. 1960-ல் இங்கிலாந்தில் பூஞ்சணம் பிடித்த மணிலாப் பிண்ணாக்கைத் தின்று வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் மடிந்தபோதே அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சு வெளிப்பட்டது. வறுப்பதனால் அது முற்றும் அழியாது. காய்களை ஈரத்தோடு குவிக்காமல் நன்கு உலர்த்தி, நிறம் மாறிய பருப்புகளைப் பொறுக்கி எறிந்த பின்னரே குழந்தை மாவுக்கு எடுக்க வேண்டும்.

நடவு நாட்களிலேயே கைக்குழந்தைகள் மிகவும் வாடுகின்றன. தாய் விடியலில் வயலுக்குப் போனால், ஏழு வயதுச் சிறுமியின் இடுப்பில் அது பொழுதைக் கழிக்கிறது. கிடைப்பது பழைய நீராகாரமே. வரப்போரத்து மரநிழலில் தூளி கட்ட இடங்கொடுத்து, உச்சிப்பொழுதுக்கு முன்னும் பின்னும் பாலூட்டத் தாயைக் கரையேற விட்டால் வேலையில் குறையும் நேரம் சொற்பமே. அவ்வேளையில் கிராம அதிகாரிகள் ஒரு நாடாவுடன் வயற்பக்கம் சென்றுவந்தால், தூளியிலேயே புஜத்தை அளந்துவிடலாம்.