மன்னார்க் கடலில் ஒரு வேட்டை

நெமிலிச்சேரியிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு மணி நேரம் பயணம் செய்தால் வங்கக் கடலைக் காணலாம். பாய்மரக் காலத்தில் இக்கடலும் இதன் தெற்கே உள்ள மன்னார்க் கடலும் கப்பல் வேட்டைக் களங்களாக இருந்தன என்பதை நம்மில் பலர் அறியோம்.

ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் போர் மூண்ட நாள்களில், எதிரியின் வணிகக் கப்பல்களைப் பிடிக்கத் தனியாருக்கும் அரசே உரிமப் பத்திரம் வழங்கிற்று. பத்திரம் உடையவன் போர்வீரன், இல்லாதவன் கொள்ளையன். அத்தகைய உரிமம் பெற்ற இராபர்ட் சுர்கூஃப், 1800 அக்டோபர் 7 அன்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் 'கென்ட்' என்னும் பெருங்கப்பலை வங்கக் கடலில் கைப்பற்றினார். மொரீஷியஸ் தீவே இவர்தம் புகலிடம்.

இவர்களைத் தேடிப் பிடிக்க ஆங்கிலேயர் ஏவிய போர்க்கப்பல்களுள் ஒன்று 'சான் ஃபியோரென்சோ'. தனியார் வேட்டைக் கப்பலாக இருந்து பின்னர்ப் பிரெஞ்சுக் கடற்படையிற் சேர்ந்த 'சைக்கி'யை, 1805 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்திற்கு அப்பால் அது வென்றது. 1808 மார்ச் 6 அன்று, குமரிமுனை அருகே மூன்று கம்பெனிக் கப்பல்களைத் துரத்திய 'பியேமோந்தேஸ்' என்னும் பிரெஞ்சுப் போர்க்கப்பலைக் கண்டு விரட்டிற்று. மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பல் பணிந்தது. ஆயினும் வென்ற கப்பலின் தலைவர் ஜார்ஜ் நிக்கோலஸ் ஹார்டிஞ்ச், தம் 26ஆம் வயதில் அப்போரிலேயே மாண்டார். கொழும்பில் அடக்கம் செய்யப்பட்ட அவருக்கு இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் நினைவுச்சின்னம் உண்டு.

நாம் கருதவேண்டியது மற்றொன்று. அப்பிரெஞ்சுக் கப்பலில் பாய்களை இயக்கியோர், சிறைபிடிக்கப்பட்ட ஏறத்தாழ 200 லஸ்கர்கள். 'படை' எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்த இப்பெயர், கீழை நாட்டு மாலுமிகளைக் குறிக்கும். அவருள் முஸ்லிம்கள் பெரும்பங்கினர். இரு வல்லரசுகளின் பகையில் தமக்கென ஒரு பகையும் இல்லாத அம்மக்கள், குண்டுகளுக்கு நடுவே பாய்க்கயிறு இழுத்தனர்.

1810 டிசம்பரில் மொரீஷியஸ் ஆங்கிலேயர் வசமாயிற்று, வேட்டையும் ஓய்ந்தது. தலைவரின் பெயர் கல்லில் நிற்கிறது. லஸ்கர்களோ போர் வரலாற்றில் வெறும் எண்ணிக்கையாக நிற்கின்றனர். அம்மன்னார்க் கடலின் கரையிலேதான் காயல்பட்டினமும் கீழக்கரையும் உள்ளன. கடலோடிய நம் முன்னோரின் கணக்கேடுகளையும் அரபுத் தமிழ்க் கடிதங்களையும் பெரியோர் பேணித் தருவார்களாக. மாணவர் அவற்றைப் படித்தெழுதுவார்களாக. நம்மவர் பெயர்களை நாம் எழுதாவிடில், பிறர் எழுதும் ஏட்டில் நாம் எண்ணிக்கையாகவே எஞ்சுவோம்.