மூன்றில் எது முதற்பதிப்பு?

தாமஸ் ஹாப்ஸின் 'லெவியதான்' 1651இல் லண்டனில் வெளியானது. ஆள்பவரின் அதிகாரம் மக்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையில் பிறக்கிறது என்று துணிந்து வாதிட்ட நூல். பிஷப்புகள் மறுபதிப்புக்கு இடம் தரவில்லை, விலை எகிறியது. முன்பு 8 ஷில்லிங்குக்கு விற்ற நூலின் பழைய பிரதியை 24 ஷில்லிங் கொடுத்து வாங்கியதாக 1668ஆம் ஆண்டு நாட்குறிப்பில் சாமுவேல் பீப்ஸ் எழுதியிருக்கிறார். தடை இருக்கும் இடத்தில் திருட்டு அச்சும் இருக்கும். பின்னாளில் இரண்டு பதிப்புகள் வந்தன. இரண்டிலும் அதே பதிப்பாளர் பெயர், அதே 1651! ஆகவே ஆண்டை நம்பாதீர்கள். தலைப்புப் பக்கத்துச் சித்திரத்தைப் பாருங்கள். கரடியோ வெறும் பூவேலையோ இருந்தால் பிந்தைய அச்சு. தலை உருவம் இருந்தால், அதுவே அசல் முதற்பதிப்பு.