குதிக்கால் வலி: காலையில் முதல் அடி ஏன் குத்துகிறது?

சுபஹுத் தொழுகைக்கு எழும்பி, காலைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் ஊன்றியதும் குதிக்காலின் அடியில் சுரீரென்று ஒரு குத்து. சுவரைப் பிடித்தபடி முன்பாதத்தால் நாலு எட்டு வைத்து, வுழுச் செய்யப் போவதற்குள் வலி பாதி தணிந்துவிடும். பகல் முழுக்கப் பெரிதாகத் தெரியாது. மதியம் சாப்பிட்டுக் கதிரையில் கொஞ்ச நேரம் இருந்து எழும்பினால் திரும்பவும் அதே குத்து. வலி இந்த ஒழுங்கில் வந்து போனால் அது பெரும்பாலும் பிளாண்டார் ஃபேசியைட்டிஸ். பத்துப் பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வருகிற வருத்தம் இது. அதிகம் பிடிப்பது நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள்.

உள்ளங்காலின் அடியில், குதிக்கால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. பாதத்தின் வளைவு ஒரு வில் என்றால் இந்தப் பட்டை அதன் நாண். நாம் அடியெடுத்துக் குதியைத் தூக்கி விரல்களை மடிக்கும்போதெல்லாம் அது இறுகிப் பாதத்தை உறுதியாக்குகிறது. தாங்கும் அளவை மீறிப் பாரம் நாளாந்தம் ஏறினால், பட்டை எலும்போடு சேரும் இடத்தில் நார்கள் நைந்து தடிக்கின்றன. நாட்பட்ட வலியில் அங்கே இருப்பது பெரும்பாலும் இந்த நைவுதான். வலிக்குளிசை மட்டும் போட்டு இது ஆறாததற்குக் காரணமும் அதுவே. இரவில் பாதம் தளர்ந்து கீழ்நோக்கிக் கிடக்க, பட்டை சுருங்கி இறுகிவிடும். விடிய வைக்கும் முதல் அடி அதைத் திடீரென்று இழுக்கிறது.

நம் கிழக்கிலங்கைப் பக்கத்தில் இதற்கு இடம் கொடுக்கும் வாழ்க்கை நிறைய உண்டு. கரைவலை இழுக்கிறவர்கள் குதியை மணலில் புதைத்துப் பின்னோக்கிச் சாய்ந்து மணிக்கணக்கில் இழுக்கிறார்கள். கல்முனைக் கடைத்தெருவில் புடவைக்கடைப் பிள்ளைகள் காலையிலிருந்து இரவு வரை நின்ற நிலையில் வேலை செய்கிறார்கள். குசினியில் வெறுங்காலோடு மாபிள் தரையில் நிற்கும் பெண்களைச் சொல்லவே வேண்டாம். இவற்றோடு உடல் நிறை கூடுவதும், கெண்டைக்கால் தசை இறுகிக் கிடப்பதும், அடி தேய்ந்த பாட்டாவும் சேர்ந்துகொள்கின்றன.

கதிர்காமப் பாதயாத்திரை தனியாகச் சொல்ல வேண்டியது. ஆண்டுதோறும் ஆடிவேல் விழாவை ஒட்டி அடியார்கள் காரைதீவைக் கடந்து, திருக்கோவில், பொத்துவில், உகந்தைமலை வழியாகக் குமண, யால காடுகளுக்குள் பல நாள் நடக்கிறார்கள். பலர் நடப்பது வெறுங்காலோடு. மற்ற மாதங்களில் வீட்டுக்கும் சந்திக்கும் மட்டும் நடந்த கால், திடீரென்று இத்தனை தூரத்தைச் சுமந்தால் குதி முறையிடத்தான் செய்யும். நேர்த்தியை விடச் சொல்லவில்லை. இரண்டு மூன்று மாதம் முன்பே நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, காலைப் பழக்கிக்கொண்டு போங்கள்.

எக்ஸ்ரே எடுத்தவர்கள் பலர் ‘எலும்பு வளர்ந்திருக்காம்’ என்று பயந்து போகிறார்கள். வலியே இல்லாத எத்தனையோ பேரின் குதியிலும் முள்போல வளர்ந்த அந்தச் சிறு எலும்பு இருக்கிறது. முள் அப்படியே இருக்க, வலி மட்டும் போய்விடுவதும் வழக்கம். ஆகவே அதை வெட்ட வேண்டும் என்ற கவலை வேண்டாம்.

செய்ய வேண்டிய முதல் வேலை கட்டிலிலேயே இருக்கிறது. தரையில் கால் வைக்குமுன், வலிக்கும் காலை மற்ற முழங்காலின் மேல் போடுங்கள். விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக மடியுங்கள். உள்ளங்காலில் பட்டை கயிறாய் விறைப்பது மற்றக் கைக்குத் தட்டுப்படும். தட்டுப்பட்டால் சரியாகச் செய்கிறீர்கள். பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். இப்படிப் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. 2003இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், குதிக்குப் பின்னால் உள்ள குதிநாணை (அக்கிலிஸ்) மட்டும் இழுத்துப் பயின்றவர்களைவிட இப்படிச் செய்தவர்களுக்கு எட்டு வாரத்தில் நல்ல சுகம் கிடைத்தது.

இரண்டாவது, பட்டையைப் பலப்படுத்துவது. படியின் ஓரத்தில் நின்று, ஒரு துவாயைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வையுங்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வலிக்கும் காலால் மட்டும் குதியை உயர்த்தி மெதுவாக எழும்புங்கள்: மூன்று எண்ணி மேலே, இரண்டு எண்ணி நிற்க, மூன்று எண்ணிக் கீழே. பன்னிரண்டு தடவை ஒரு சுற்று, மூன்று சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். ஒற்றைக்கால் முடியாவிட்டால் இரண்டு காலாலும் தொடங்கலாம். டென்மார்க்கில் மைக்கல் ராத்லெஃப் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், வெறும் இழுப்புப் பயிற்சி செய்தவர்களைவிட இதைச் செய்தவர்களுக்கு மூன்று மாதத்தில் வலி கூடுதலாகக் குறைந்திருந்தது.

வீட்டுக்குள் செருப்புப் போடுவது நமக்குப் பழக்கமில்லை. ஆனாலும் வலி இருக்கும் மாதங்களில், வெளியே போடாத மெத்தென்ற சோடி ஒன்றைக் குசினிக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் ஐஸ் போத்தலைத் துணியால் சுற்றி, உள்ளங்காலின் கீழ் பத்து நிமிடம் உருட்டினால் இதமாக இருக்கும். தொழுகை இருப்பில் வலது பாதத்தை நட்டு விரல்களை மடிக்கும்போதும் இதே பட்டைதான் இழுபடுகிறது. குத்து கடுமையாக உள்ள நாட்களில் கதிரையில் இருந்து தொழ மார்க்கத்தில் இடமுண்டு.

ஊசி கேட்டு ஓட வேண்டாம். ஸ்டெரொய்ட் ஊசி சில வாரம் சுகம் தரும். திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை கிழியவும், குதியின் கொழுப்பு மெத்தை கரையவும் கூடும். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஒரு வருடத்துக்குள் ஊசியோ சத்திரசிகிச்சையோ இல்லாமலே தேறிவிடுகிறார்கள். இரண்டு கிழமையில் மாறவில்லை என்று பயிற்சியை விட்டுவிடுவதுதான் பெரிய கேடு.

குதி மரத்துப் போதல், ஓய்விலும் இரவிலும் விடாத வலி, வீக்கம், காய்ச்சல், விழுந்தபின் ஊன்ற முடியாமை இருந்தால் உடனே டொக்டரிடம் காட்டுங்கள். இளம் வயதில் இரண்டு குதியும் வலித்து, காலையில் இடுப்பும் விறைத்தால் அது வேறு மூட்டு வருத்தமாக இருக்கலாம்.

சீனி வருத்தம் உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். சூடாக்கிய செங்கல்லில் எருக்கிலை வைத்துக் குதியால் மிதிக்கும் கைவைத்தியத்தை நீங்கள் செய்யாதீர்கள். கால் உணர்ச்சி குறைந்திருந்தால் தோல் வெந்தது தெரியாது. அந்தப் புண் ஆறாமல் காலையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஐஸ் வைப்பதையும் கிளினிக்கில் காலைக் காட்டிக் கேட்டபின் செய்யுங்கள்.