பழைய கம்ப்ரஸர் வாங்கப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க!

வாரம் முழுக்க திருச்சியில வேலை, சனி ஞாயிறு லால்குடி பக்கம் கோயில் விழா, கல்யாணம், பட்டிமன்றம்னு மைக்செட் வேலை. இப்படி சைடு இன்கம் பார்க்கிறவரா நீங்க? அப்போ "செகண்ட் ஹேண்ட் அனலாக் கம்ப்ரஸர் வாங்கலாமா?"ங்கிற கேள்வி ஒரு நாள் வரும்.

இது என்ன செய்யும்?

பேச்சாளர் திடீர்னு கத்தினாலும் ஸ்பீக்கர் அலறாம பிடிச்சு வைக்கும். 3:1னு வச்சா, நீங்க வச்ச எல்லைக்கு மேல 9 டெசிபல் ஏறுற சத்தம் 3 டெசிபல் மட்டும்தான் ஏறும். பட்டிமன்றத்துக்கும் மெல்லிசைப் பாடகர்களுக்கும் இது உதவும். ஆனா இது லால்குடி ஜெயராமன் (1930–2013) பேர் சொல்லும் ஊர். வயலின் கச்சேரியில மெதுவான வாசிப்பும் ஓங்கின வாசிப்பும் சேர்ந்ததுதான் அழகு. அங்க இதை அழுத்திப் பிடிச்சா இசை தட்டையாயிடும்.

உங்களுக்குத் தேவையா?

பெரிங்கர் எக்ஸ்32 மாதிரி டிஜிட்டல் மிக்ஸர் இருந்தா, 32 இன்புட் சேனலுக்கும் கம்ப்ரஸர் உள்ளேயே இருக்கு. தனியா வாங்கினா வீண் செலவு. யமஹா எம்ஜி வரிசையில சில மாடல்கள்லயும் ஒரே திருகுல வேலை செய்யிற கம்ப்ரஸர் உண்டு. அது இல்லாத அனலாக் மிக்ஸர்னா, பின்னாடி 'இன்சர்ட்' ஓட்டை இருக்கான்னு பாருங்க. அது இல்லேன்னா ஒரு மைக்குக்கு மட்டும் தனியா இணைக்கிறது சிரமம்.

இப்போ கணக்கு

இதெல்லாம் உதாரண எண்கள். உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க. டிபிஎக்ஸ் 166 மாதிரி இரண்டு சேனல் பெட்டி 12,000 ரூபாய். கேபிள், சர்வீஸுக்கு 3,000. மொத்தம் 15,000. 2 வருஷம் கழிச்சு 8,000க்கு வித்தா, உண்மையான செலவு 7,000.

மாசம் 2 நிகழ்ச்சின்னா 2 வருஷத்துல 48. ஒரு நிகழ்ச்சிக்கு சுமார் 146 ரூபாய்தான். வாடகை 300 ரூபாய்னா, வாங்கறது லாபம். ஆனா வருஷத்துக்கு 6 நிகழ்ச்சி மட்டும்னா? மொத்தம் 12, ஒண்ணுக்கு 583 ரூபாய் ஆகுது. வாடகைக்கு எடுக்கறதுதான் புத்திசாலித்தனம். இந்தக் கணக்குப்படி 24 நிகழ்ச்சி கிடைச்சாத்தான் வாங்கணும். மார்கழியில கல்யாணம் இருக்காது, அதையும் கழிச்சுட்டு எண்ணுங்க.

காசு கொடுக்கும் முன்னாடி

1. பின்பக்கம் வோல்டேஜ் பாருங்க. வெளிநாட்டுப் பெட்டி 120 வோல்ட்டுன்னா, நம்ம 230 வோல்ட்ல நேரா சொருகினா புகைஞ்சிடும்.
2. பாட்டு எதுவும் ஓடாம சத்தத்தை ஏத்திக் கேளுங்க. 'உம்ம்'னு இரைச்சல் வந்தா பவர் சப்ளை கெபாசிட்டர் காய்ஞ்சிருக்கலாம்.
3. ஒவ்வொரு திருகையும் மெதுவா திருப்புங்க. கரகரன்னா சுத்தம் செய்யணும், அதைச் சொல்லி விலையைக் குறைங்க.
4. ஒரே பாட்டை இரண்டு சேனல்லயும் ஒரே அமைப்புல ஓட்டுங்க. சத்தத்தைக் குறைக்கும்போது எரியிற விளக்குகள் இரண்டு பக்கமும் ஒண்ணா எரியணும்.

சோதிக்க விடமாட்டேன்னா, வேற பெட்டி பார்க்கலாம், கிளம்பிடுங்க. பழைய பொருளுக்கு வாரண்டி கிடையாது.

கடைசியா ஒண்ணு

கிரெடிட் கார்டுல தேய்ச்சு பாக்கி வைக்காதீங்க. பல கார்டுகள்ல மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி. 15,000க்கு முதல் மாசமே 450 ரூபாய் போயிடும். அவசர நிதியிலயும் கை வைக்காதீங்க. சைடு இன்கம்ல வந்த காசைத் தனியா சேர்த்து, அதுலயே வாங்குங்க. அந்தக் காசு சேரலேன்னா, பெட்டி வாங்கற அளவுக்கு வேலை இன்னும் வரலேன்னு அர்த்தம். சம்பளம் வீட்டுக்கு; மைக்செட் தன்னோட செலவைத் தானே சம்பாதிக்கட்டும்!