சின்னஞ்சிறு விரல்களும் கிதாரும்

செஞ்சிக்குச் செல்வோர் ஊருக்குள் நுழையுமுன்பே மூன்று குன்றுகளைக் காண்பர். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் அம் மூன்றையும் முக்கோணமாக வளைத்து நிற்கிறது கோட்டை மதில். அக் கோட்டையை ஆண்டவர் பலர். நாயக்கர், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என அவ்வரிசை நீளும். ஆயினும் மக்கள் நாவில் நிலைத்த பெயர் ஒன்றே; அது தேசிங்குராசன் பெயர். 1714ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு சாததுல்லாகானை எதிர்த்து அவன் களத்தில் விழுந்தபோது அவனுக்கு வயது 22 என்பர். சரித்திரத்தில் அவன் ஆட்சி ஓராண்டும் நிறையாதது. கதைப்பாடலிலோ அவன் என்றும் இளைஞன். எவராலும் அடக்க இயலாத தில்லிப் பாதுசாவின் குதிரையை இளம்பிள்ளையான அவன் அடக்கினான் என்று அப் பாடல் கூறும். கேட்போர் பிள்ளையின் துணிவை வியப்பர். அப் பிள்ளையை அக் குதிரைமீது ஏற்றியவர் யார் என்று எவரும் வினவுவதில்லை.

இவ் வினா என் நெஞ்சில் எழுந்தது கோட்டையைப் பார்த்தபோது அன்று. சில ஆண்டுகளுக்கு முன்பு அவ்வூரில் நடந்த ஒரு திருமண வரவேற்பின்போது எழுந்தது. மணமகன் வீட்டாருக்கு உறவான ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் மேடையேறிக் கிதார் வாசித்தான். கருவியின் மேல் விளிம்பு அவன் மோவாயைத் தொட்டது. முதலில் ஒரு திரைப்பாட்டு. அடுத்து அம்சத்துவனியில் ஒரு கீர்த்தனம். விரல்கள் தறியில் நாடா ஓடுவதுபோல் ஓடின. கூடியிருந்தோர் பாதிப் பேர் செல்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தனர். மேடையோரத்தில் அமர்ந்திருந்த தந்தையின் உதடுகள் தாளத்தை எண்ணிக்கொண்டிருந்தன.

என்னைச் சுற்றி எழுந்த பேச்சுகளைக் கேட்டேன். ஒரு பாட்டியார், "என் கண்ணே பட்டுவிடும்" என்று நெட்டி முறித்தார். கல்லூரி மாணவர் ஒருவர், "கையில் வேகம் இருக்கிறது, பாட்டு எங்கே?" என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என் பக்கம் சாய்ந்து, "மணி பத்தாகப் போகிறது. இந்தப் பிள்ளை எப்போது உறங்கும்?" என்று கேட்டார். முன்வரிசையில் இருந்த முதிய நாகசுர வித்துவான் ஒருவர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

மாணவ நண்பர்களே, வியப்பு, ஐயம், இரக்கம் ஆகிய இம் மூன்றும் ஒரே மண்டபத்தில் ஒரே நேரத்தில் எழுவது புதிதன்று. இளமையிலேயே இசையில் ஓங்கிய பிள்ளைகள் எங்கெங்குத் தோன்றினார்களோ அங்கெல்லாம் இவை தோன்றியுள்ளன. இவற்றுள் எது சரி என்று தீர்ப்பு வழங்குவதைவிட, ஒவ்வொன்றும் உண்மையில் எதைக் கேட்கிறது என்று பார்ப்பது பயனுடையது.

முதலில் கருவியைப் பற்றி ஒரு சொல். முழு அளவுள்ள கிதாரின் தந்தி நீளம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர். அதன் முதல் நான்கு மெட்டுகளைத் தழுவ வேண்டுமாயின் கை 13 சென்டிமீட்டருக்கு மேல் விரிய வேண்டும். மாண்டலினின் தந்தி நீளமோ ஏறத்தாழ 35 சென்டிமீட்டரே; அங்கே அதே நான்கு மெட்டுகளுக்கு 7 சென்டிமீட்டர் போதும். பிள்ளைகளுக்கென அரை அளவு, முக்கால் அளவுக் கிதார்கள் செய்யப்படுவது இதனாலேதான். நம் நாட்டில் இத்தகைய வியப்பையும் விவாதத்தையும் ஒருங்கே எழுப்பிய பிள்ளையின் கையில் இருந்ததும் கிதார் அன்று. அதன் சிறிய உறவான மாண்டலின்.

உப்பலபு சீனிவாஸ் 1969இல் ஆந்திரத்துப் பாலகொல்லில் பிறந்தவர். தந்தை சத்தியநாராயணா கிளாரினெட்டு வாசிப்பவர். வீட்டிலிருந்த மாண்டலினை ஆறு வயதில் பிள்ளை கையில் எடுத்தான். ஆசிரியராக அமைந்த ருத்திரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் மாணவர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. ஆசிரியர் வாயால் பாடுவார். பிள்ளை அதைத் தந்தியில் தேடிப் பிடிப்பான். என் எண்ணத்தில் இது தற்செயலாய் அமைந்த பெருநன்மை. கருவியைக் கற்பிப்பவர் விரலைக் கற்பிப்பார். பாடிக் கற்பிப்பவர் காதைக் கற்பிக்கிறார். 1978இல் குடிவாடாவில் நடந்த தியாகராசர் விழாவில் முதற் கச்சேரி. 1981இல், பன்னிரண்டாம் வயதில், சென்னையின் டிசம்பர் இசைவிழாவில் இந்தியன் பைன் ஆர்ட்ஸ் சொசைட்டி மேடை.

சென்னை இரண்டாகப் பிரிந்தது. "தெய்வப் பிறவி" என்றனர் ஒரு சாரார். "மேனாட்டுக் கருவியில் கருநாடக இசையா?" என்றனர் மற்றொரு சாரார். இப் பின்னவரைப் பழமைவாதிகள் என்று எளிதில் தள்ளிவிடலாகாது. அவர்கள் எழுப்பியது இசைநுட்பம் சார்ந்த வினா. நம் இசையின் உயிர் கமகத்தில் இருக்கிறது. ஒரு சுரம் நின்ற இடத்தில் நில்லாது அண்டைச் சுரத்தை அசைந்து தொட்டு மீளும். வீணையில் 24 மெட்டுகள் மெழுகின்மேல் உயர்ந்து நிற்பதால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அவ்வசைவைக் காட்டலாம். மாண்டலினில் எட்டுத் தந்திகள் இரண்டிரண்டாகக் கட்டப்பட்டிருக்கும். இரட்டைத் தந்தியை இழுப்பது கடினம். எழும் ஒலியும் கணத்தில் மாயும். சீனிவாஸ் இரட்டைத் தந்திகளை நீக்கி ஒற்றைத் தந்திகளை அமைத்தார். ஐந்தாவது தந்தி ஒன்றைச் சேர்த்தார். மின்னொலியின் துணையால் நாதத்தை நீட்டினார். எதிர்ப்பாளரின் வினாவுக்கு விடை வாயால் கூறப்படவில்லை, கருவியில் கூறப்பட்டது.

இங்கே வானொலியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கமகம் வாராது என்ற காரணத்தையும் முன்வைத்து ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இல் விலக்கி வைத்தது. 1971இல்தான் அவ் விலக்குத் தளர்ந்தது. மறுபுறம், பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் ஐரோப்பியரிடமிருந்து வந்த வயலின் இன்று பக்கவாத்தியங்களின் தலைமையில் வீற்றிருக்கிறது. வந்த கருவிகளுள் எதற்கு வாயில் திறக்கும், எதற்குத் திறவாது என்பதை முன்கூட்டிச் சொல்ல வல்லார் இலர். கிதாரும் அவ்வாறே வாயிலில் நின்று உள்ளே வந்தது. பிரசன்னா போன்றோர் அதில் முழுக் கச்சேரி செய்கின்றனர். ஆங்கிலேயக் கிதார்க் கலைஞர் ஜான் மக்லாலின், மெட்டுகளுக்கு இடையேயுள்ள மரத்தைக் குடைந்த கிதாரை 1970களில் கையாண்டார். வீணைக்கு மெழுகு செய்யும் வேலையைக் கிதாருக்கு அக் குடைவு செய்தது. பின்னாளில் அவருடன் ஒரே மேடையில் அமர்ந்து வாசித்தவர் சீனிவாஸ்.

கருவி பற்றிய ஐயம் இவ்வாறு தீரக்கூடியது. வயது பற்றிய ஐயமோ வேறு வகை. 1765இல் இலண்டனில் டெய்ன்ஸ் பாரிங்டன் என்னும் அறிஞர் ஒன்பது வயது நிறைந்திருந்த மோசார்ட்டைச் சோதித்தார். முன்பின் காணாத இசைத்தாளை எதிரே வைத்தார். பிள்ளை பிழையின்றி வாசித்தான். தந்தை வயதைக் குறைத்துக் கூறுகிறாரோ என்று ஐயுற்று, பிறந்த ஊரிலிருந்து பிறப்புச் சான்றையும் வரவழைத்துப் பார்த்தார். அவ்வையம் தகாதது அன்று. 1778இல் கொலோன் நகரில் பீத்தோவனின் கச்சேரி விளம்பரம் அவனுக்கு ஆறு வயது என்றது. உண்மையில் அவனுக்கு ஏழு நிறைந்திருந்தது. ஓராண்டைக் குறைத்தால் வியப்பு ஓராண்டளவு கூடும் என்பது விளம்பரக் கணக்கு. அவ்வாறாயின், மக்கள் கேட்க வந்தது இசையையா, எண்ணையா?

பாரிங்டனின் குறிப்பில் என்னைக் கவர்ந்தது வேறோரிடம். சோதனையின் நடுவே அவ்வறைக்குள் ஒரு பூனை வந்தது. மோசார்ட் வாத்தியத்தை விட்டுவிட்டுப் பூனையிடம் ஓடினான். நெடுநேரம் அவனைத் திரும்ப அழைத்துவர இயலவில்லை. சில வேளைகளில் கோலொன்றைக் கால்களுக்கிடையே வைத்துக் குதிரை ஏறி அறையைச் சுற்றியும் வருவானாம். பிறப்புச் சான்றைவிட இதுவே வயதுக்கு நல்ல சான்று. அவனுக்கு நான்கரை ஆண்டு மூத்தவளான தமக்கை மரியா அன்னாவும் அதே மேடைகளில் புகழ்பெற்ற சிறுமியே. மணப்பருவம் எய்தியதும் அவளுடைய கச்சேரிப் பயணங்கள் நின்றன. பெண் மேதைக்கு எப்போதும் ஒரு வினா அதிகம்.

இனி இரக்கத்துக்கு வருவோம். கிதாரின் வரலாற்றிலேயே அதற்கு ஒரு சான்று உண்டு. ஜூலியோ ரெகொந்தி ஏறத்தாழ 1822இல் ஜெனீவாவில் பிறந்தவன். தந்தை என்று சொல்லிக்கொண்ட ஒருவர் அவனை நெடுநேரம் பயிற்சியில் இருத்தி, ஐரோப்பிய நகரங்கள்தோறும் கொண்டுசென்றார். பத்து வயதுக்குள் பாரிசு அவனைக் கொண்டாடியது. அக்காலத்துக் கிதார்ப் பேராசானாகிய பெர்னாண்டோ சோர் தம் இசைப்படைப்பு ஒன்றை அவனுக்குக் காணிக்கையாக்கினார். பின்பு அம் மனிதர் பிள்ளை ஈட்டிய பொருளை எடுத்துக்கொண்டு அவனைக் கைவிட்டு மறைந்தார். ரெகொந்தி பிழைத்தான், இங்கிலாந்தில் தங்கிக் கான்செர்டினா என்னும் துருத்திக் கருவியில் பெயர்பெற்று 1872இல் மறைந்தான். அவன் இயற்றிய கிதார் இசை இன்றும் மேடைகளில் ஒலிக்கிறது. ஆயினும் கைதட்டியவர்களுள் ஒருவராவது அப் பிள்ளையின் பணம் எங்கே போகிறதென்று கேட்டிருக்கலாம்.

இன்று நம் நாட்டில் சட்டம் அவ் வினாவைக் கேட்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017இல் வகுக்கப்பட்ட விதிகள், வணிக நிகழ்ச்சிகளிலும் ஒளிபரப்புகளிலும் கலைஞராகப் பங்கேற்கும் குழந்தைகளைப் பற்றியும் பேசுகின்றன. நாளொன்றுக்கு 5 மணிக்கு மேல் கூடாது. இடைவிடாமல் 3 மணிக்கு மேல் கூடாது. வருவாயில் குறைந்தது நூற்றுக்கு 20 பங்கு குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாக இடப்படவேண்டும். உறவினர் வீட்டுத் திருமணத்தில் வாசிக்கும் பிள்ளையிடம் இவ்விதிகள் வரமாட்டா. அங்கே கணக்கு வைத்திருக்க வேண்டியவர் தாய் தந்தையரே.

பணத்தால் அளக்க இயலாத விலையும் உண்டு. புல்லாங்குழல் மாலி என்று போற்றப்படும் டி. ஆர். மகாலிங்கம் 1926இல் திருவிடைமருதூரில் பிறந்தவர். 1933இல் மயிலைத் தியாகராசர் விழாவில் ஏழு வயதில் வாசித்தபோது, முசிரி சுப்பிரமணிய ஐயரும் பறவூர் சுந்தரமையரும் கண்ணேறு படாதிருக்கச் சால்வை போர்த்தினர் என்று இசையுலகம் சொல்லும். முதுபெரும் வித்துவான்களும் செஞ்சிப் பாட்டியாரும் இதில் ஒரே கட்சி. மாலி குழலில் மூச்சையும் விரலையும் புதிதாய் அமைத்தார். கமகத்தைக் குழலில் பேசவைத்தார். அவரே கச்சேரிக்கு வாராதிருந்ததும், வந்து நடுவில் எழுந்து சென்றதும் அவர் கலையைப் போலவே பேசப்பட்டன. 1986இல் பத்மபூஷண் விருதை மறுத்தார், அவ்வாண்டே மறைந்தார். ஏழு வயது முதல் பிறர் விருப்பத்துக்கு மேடையேறிய ஒருவர், இறங்கும் உரிமையையேனும் தமக்கென வைத்துக்கொண்டார் என்று நான் எண்ணுவதுண்டு. பிறர் வேறு விதமாக எண்ணலாம்.

வேகத்தைப் பற்றிக் கல்லூரி மாணவர் எழுப்பிய குறை எஞ்சியுள்ளது. 2019இல் சென்னைச் சிறுவன் லிடியன் நாதஸ்வரம், பதின்மூன்றாம் வயதில், அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பத்து இலட்சம் டாலர் பரிசை வென்றான். ரிம்ஸ்கி கோர்சகோவின் வண்டின் பறப்பைக் குறிக்கும் இசையை, நிமிடத்துக்கு 325 அடி என்னும் வேகத்தில் பியானோவில் வாசித்தது உலகெங்கும் பரவியது. வேகம் அளக்கத்தக்கது, ஆதலால் அது பரவும். சகானாவின் ஓர் அசைவை எந்த எண்ணால் அளப்பது? பிள்ளைகள் வேகத்தை நாடுவது அவர்கள் குற்றமன்று. எதற்குக் கை தட்டுகிறோமோ அதையே அவர்கள் மறுநாள் கூடுதலாகக் கொண்டுவருவர்.

செஞ்சித் திருமண மண்டபத்தில் கைதட்டல் ஓய்ந்தபின் அம் முதிய நாகசுரக்காரர் சிறுவனை அருகழைத்தார். "தம்பி, விரலைக் காட்டு" என்றார். இடக்கையின் நான்கு விரல்நுனிகளிலும் எஃகுத் தந்தியின் வரிகள் பதிந்திருந்தன. "வலிக்கிறதா?" "பழகிவிட்டது, தாத்தா." "இன்று வாசித்ததில் உனக்கு எது பிடித்தது?"

சிறுவன் தந்தையைப் பார்த்தான். தந்தை யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "ஓரிடத்தில் தப்பு வாசித்துவிட்டேன், தாத்தா. அதுதான் நன்றாக இருந்தது" என்று மெல்லச் சொன்னான்.

பெரியவர் சிரித்தார். "அதை வாசி, மெதுவாக" என்றார். சிறுவன் வாசித்தான். அம்சத்துவனியில் இடம்பெறாத தைவதம் அங்கே வந்து விழுந்திருந்தது. "இது அந்த இராகத்துக்கு ஆகாது. ஆனால் இதற்கு வேறொரு வீடு இருக்கிறது" என்று கூறி, பெரியவர் சங்கராபரணத்தை மிகத் தாழ்ந்த குரலில் முனகத் தொடங்கினார். சிறுவன் தலையைக் கருவியின்மேல் சாய்த்து, ஒற்றை விரலால் அதைத் தேடலானான். பந்திக்கு வருமாறு இருமுறை அழைத்தார்கள். இருவரும் எழுந்திருக்கவில்லை.