வேலை போன வேட்டைநாய்கள்

சிப்பிப்பாறை நாய் ஒன்று காப்பகத்துக்கு வந்தால், பார்ப்பவர்கள் முதலில் சொல்வது "பாவம், பட்டினி போட்டிருக்கிறார்கள்" என்பதுதான். விலா எலும்பை எண்ணிவிடலாம், வயிறு முதுகோடு ஒட்டியிருக்கும், இடுப்பெலும்பு துருத்தி நிற்கும். சில நாய்கள் நிஜமாகவே பட்டினி கிடந்தவைதான். ஆனால் வேளாவேளைக்குத் தின்னும் சிப்பிப்பாறையும், கன்னி என்ற இன்னொரு வேட்டைநாய் இனமும்கூட ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். முயலைக் கண்ணால் கண்டு, ஓடித் துரத்திப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த உடம்பு அது. அதைத் தின்ன வைத்துக் கொழுக்க வைத்துவிட்டு மீட்டுவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். என்ன வேலைக்கான நாய் என்று தெரியாமல் அதற்கு வீடு தேடக் கூடாது, வேண்டி வருகிற சில வீடுகளுக்கு இல்லை என்று சொல்லவும் காப்பகங்களுக்கு மனம் வர வேண்டும் என்பதே என் வாதம்.

தென்மாவட்டங்களின் கரிசல் காட்டில் இந்த நாய்களுக்கு உத்தியோகம் இருந்தது. கன்னியை விலைக்கு விற்காமல் கல்யாணச் சீராகக் கொடுக்கும் வழக்கமும் உண்டு என்பார்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். சட்டம் சரியானதே, ஆனால் நாயின் ரத்தத்துக்கு அது தெரியாது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னார். நல்ல நோக்கம்தான். ஆனால் பெருமைக்காகக் குட்டி வாங்குகிறவர்களுக்கு, அது ஒரு வருஷத்தில் என்னவாக வளரும் என்ற யோசனை இருப்பதில்லை. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று நாய் வளர்ப்பு, விற்பனை பற்றிய 2017ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. சமாளிக்க முடியாமல், வளர்த்த பிராணியைத் தெருவில் விடுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டம் போட்ட அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு வேளை டிபன் செலவு.

"அன்பாக வளர்த்தால் எந்த நாயும் பழகிவிடும்" என்பது பலரும் சொல்லும் மறுப்பு. இதில் பாதி உண்மை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2018இல் மக்கள் வாக்களித்து நாய்ப் பந்தயத்துக்குத் தடை கொண்டுவந்தார்கள். 2020 முடிவோடு பந்தயம் நின்றது. ஓடி ஓய்ந்த கிரேஹவுண்டுகள் வீடுகளுக்குப் போய், நாளில் பெரும்பகுதி சோபாவில் தூங்கிக் கழித்தன. அதற்குக் காரணம் அன்பு மட்டுமில்லை. கிரேஹவுண்ட் சில நொடிகள் மின்னலாக ஓடிவிட்டு மணிக்கணக்கில் படுத்துக் கிடக்கும் இனம். சிப்பிப்பாறையும் அந்த வகைதான். நாள் முழுக்க மந்தையின் பின்னால் ஓடும் பார்டர் கோலியை வீட்டுக்குள் அடைத்துவைத்தால், மேய்க்க ஆடில்லாமல் வீட்டுப் பிள்ளைகளையும் சைக்கிளையும் மேய்க்கத் தொடங்கிவிடும். கோம்பையின் கதை இன்னொன்று. அந்நியரைச் சந்தேகிப்பதே அதற்கு வேலை. நாளுக்குப் பத்துப் பேர் பார்சலோடு மணி அடிக்கும் அடுக்குமாடியில் அது ஓயாமல் டியூட்டி பார்க்கும். குரைப்பதாகப் பக்கத்து வீட்டார் புகார் கொடுப்பார்கள், நாய் மறுபடி காப்பகத்துக்கே வரும். ஆக, சுறுசுறுப்பான நாயா, சாதுவான நாயா என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. எதைக் கண்டால் அதற்கு வெறி பிடிக்கும், அந்த வெறி எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று கேட்க வேண்டும். அதனால்தான் வெளிநாடுகளில் கிரேஹவுண்டைத் தத்துக் கொடுப்பவர்கள் பூனையோடும் சின்ன நாய்களோடும் அது எப்படி நடந்துகொள்கிறது என்று முதலில் பார்த்துவிடுகிறார்கள்.

இப்படி வீடுகளைச் சலித்துக்கொண்டிருந்தால் காப்பகம் நிரம்பி வழியாதா என்பது இன்னும் கனமான கேள்வி. வழியத்தான் செய்யும். ஆனாலும் பொருந்தாத வீட்டிலிருந்து திரும்பி வரும் நாய் அதே இடத்தை இரண்டாம் முறை அடைக்கிறது, அதுவும் கடித்த பெயரோடு. அடுத்து அதை யார் எடுப்பார்கள்? நிரந்தர வீடு கிடைக்கும் வரை சில வாரம் ஒரு வீட்டில் வைத்துப் பார்ப்பது இதைவிட மலிவான வழி. தெருநாய்களே கோடிக்கணக்கில் கிடக்க, சாதி நாய்க்கு ஏன் தனிச் சலுகை என்றும் கேட்பார்கள். சலுகை இல்லை. தெருநாய்க்குக் கருத்தடை செய்து அதன் தெருவிலேயே விடலாம்; அதற்கு இடம் தெரியும், கூட்டாளிகள் உண்டு. கைவிட்ட சிப்பிப்பாறைக்குத் தெரு கிடையாது, தோலும் மெல்லியது, வேலிக் கம்பி உரசினாலே கிழிந்துவிடும்.

இன ஆர்வலர்களுக்கும் ஒரு வருத்தம் உண்டு: மீட்ட நாய்க்கெல்லாம் கருத்தடை செய்தால் இனமே அழியும் என்பார்கள். தாய் தகப்பன் தெரியாத நாயை இனத்துக்குச் சேர்த்து என்ன காப்பாற்றப் போகிறோம்? வெள்ளை ராஜபாளையத்தில் காது கேளாமை இருப்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி. கண்மூடிய இனச்சேர்க்கை அதைப் பெருக்கும்.

தத்துக் கொடுக்கும்போது கையோடு சொல்லியனுப்ப வேண்டியவை சில உண்டு. ஆளுயரச் சுவர் இல்லாத வீடு சிப்பிப்பாறைக்கு வேண்டாம். அறுவைக்குப் போனால் மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் இது வேட்டைநாய் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். கொழுப்பில்லாத உடம்பில் சில மருந்துகள் சீக்கிரம் இறங்காது. கடையில் வாங்கும் சாதாரண பெல்ட்டும் ஆகாது. இந்த நாய்களின் கழுத்துக்கும் தலைக்கும் பருமனில் பெரிய வித்தியாசம் இல்லை. எதிரே ஓர் அணில் ஓடினால் போதும். நாய் தலையைப் பின்னுக்கு இழுக்கும், பெல்ட் சங்கிலியோடு நம் கையில் தொங்கும்.