மாட்டுப் பொங்கல்: மாட்டுக்கு எவ்வளவு பொங்கல் கொடுக்கலாம்?

பிளவக்கல் அணைக்குக் கீழே வத்திராயிருப்பு, கூமாபட்டி பக்கம் மாடு வளர்க்கும் விவசாயிகளே, தை 2-ஆம் நாள் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசிப் பொங்கல் ஊட்டுவீர்கள். ஊட்டுவது ஒருவர் மட்டுமல்ல. தாத்தா ஒரு கவளம், பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு கவளம். மீந்த பொங்கலும் இரவில் கழுநீர்த் தொட்டிக்கே போகிறது. ஆபத்து அங்கேதான்.

அரிசியும் வெல்லமும் அசையூண் வயிற்றில் வேகமாக நொதித்து லாக்டிக் அமிலம் பெருகும். மாடு தீவனம் எடுக்காது, அசைபோடாது. இடது வயிறு உப்பும். சாணம் புளித்த வாடையுடன் நீராகக் கழியும். கவனிக்காமல் விட்டால் மாடு இறந்தும் போகலாம்.

முதலில் வைக்கோலும் பசுந்தீவனமும் வயிறு நிறையக் கொடுங்கள். பிறகு வீட்டார் எல்லோருக்கும் சேர்த்தே ஒரு கைப்பிடி பொங்கல் போதும், சாமி கோபிக்காது. பிள்ளைகள் ஆசைப்பட்டால் கரும்புத் தோகையைக் கையில் கொடுங்கள். பொங்கல் பானையை மாட்டுக்கு எட்டாமல் வையுங்கள்.

அறிகுறி தெரிந்தால் உடனே கால்நடை மருத்துவரையோ 1962 எண்ணையோ அழையுங்கள். அதுவரை, நிற்கும் பெரிய மாட்டுக்கு 100 கிராம் சமையல் சோடாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, மெதுவாகக் கொடுக்கலாம். தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். படுத்துவிட்ட மாட்டுக்கு வாய்வழியாக எதுவும் ஊற்றாதீர்கள்.